ஓ, ஹெச், கே: பாக்டீரியாவின் சட்டையும் கோபன்ஹேகனும்

நம்ம ஊரில் ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல் அடித்தால் டாக்டர் எழுதிக் கொடுக்கிற முதல் ரெண்டு மூணு டெஸ்டுகளில் வைடால் கண்டிப்பாக இருக்கும். சாயங்காலம் லேபில் போய் ரிப்போர்ட்டை வாங்கினால் 'டைஃபி ஓ 1:160, டைஃபி ஹெச் 1:80' என்று வரிசையாக இருக்கும். நம்பர் பெரிசா இருந்தால் டைபாய்டு, அப்புறம் கஞ்சி, ரொட்டி, படுக்கை. (வைடாலை மட்டும் நம்பி முடிவு கட்டக்கூடாது, ரத்தத்தைக் கல்ச்சர் பண்ணுவதுதான் சரியான வழி. ஆனாலும் கல்ச்சர் வசதி எல்லா ஊரிலும் கிடைக்காது, வைடால் மூலைக்கு மூலை கிடைக்கும்.) நம்பரைப் பார்க்கிறோமே ஒழிய, அந்த ஓ-வும் ஹெச்-சும் என்னவென்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஓ என்றால் ரத்த க்ரூப் என்று நினைத்துக்கொள்பவர்கள்கூட உண்டு :-)

அந்த எழுத்துகள் பாக்டீரியா போட்டிருக்கிற சட்டையின் பெயர்கள். எந்தச் சட்டை போட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது சாதுவா கொலைகாரனா என்பது பல சமயம் முடிவாகிறது. அந்தச் சட்டைகளை எல்லாம் எண்ணி, நம்பர் போட்டு, உலகத்துக்கே ஒரு பதிவேடு மாதிரி வைத்திருந்த ஊர், நான் இப்போது மழையில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கும் கோபன்ஹேகன். வந்த புதிதில் எனக்கே தெரியாது. வேதியியல் சம்பந்தப்பட்ட வேலைக்கு வந்த ஆள் நான். பக்கத்து பெஞ்சுக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு ஆர்வம் வந்து தேடியதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் கிராம். எடை பார்க்கும் கிராம் இல்லை, ஆள். 'கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ்' என்று பிளஸ் டூ விலங்கியலில் படித்தபோது, ஏதோ அளவு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்தவர்கள் கையைத் தூக்குங்கள். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1853-ல் கோபன்ஹேகனில் பிறந்தவர். முதலில் தாவரவியல் பக்கம் இருந்துவிட்டுப் பிறகு மருத்துவத்துக்கு வந்தவர். 1883-ல் ஐரோப்பாவைச் சுற்றிப் படிக்கக் கிளம்பினார். அந்தக் காலத்தில் பாக்டீரியா என்றால் பெர்லின்தான். 1884-ல் அங்கே ஒரு மருத்துவமனையின் பிணவறையில் கார்ல் ஃப்ரீட்லேண்டர் என்பவரோடு வேலை பார்த்தார்.

நிமோனியாவில் செத்தவர்களின் நுரையீரலை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். சாயம் போட்டால் பாக்டீரியாவும் ஊதா, நுரையீரல் செல்களும் ஊதா. எது எது என்று தெரியாது. கிராம் ஊதாச் சாயத்தைப் போட்டார், அதன் மேல் அயோடின் கரைசல், பிறகு ஆல்கஹாலால் கழுவினார். நுரையீரல் வெளுத்துப் போச்சு, பாக்டீரியா மட்டும் கருநீலமாக நின்றது. அவர் தேடியது அவ்வளவுதான்.

ஆனால் சில பாக்டீரியாக்களும் கூடவே வெளுத்துவிட்டன, டைபாய்டு பாக்டீரியா உட்பட. கிராம் இதைத் தன் முறையின் குறையாகத்தான் பார்த்தார். இன்னும் அரைகுறையாக இருக்கிறது, மற்றவர்களுக்காவது உபயோகப்படட்டும் என்கிற தோரணையில்தான் கட்டுரையையே முடித்திருக்கிறார். இந்தக் காலத்து ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இப்படி ஒரு வரியைத் தேடித்தான் பிடிக்கணும்! வெளுத்தவற்றுக்குச் சிவப்புச் சாயம் போட்டுக் காட்டுவது எல்லாம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற பெயரும் அவர் வைத்ததில்லை.

ஊருக்குத் திரும்பியவர் மருந்தியல் பேராசிரியர், பிறகு பொது மருத்துவப் பேராசிரியர் என்று ஆனார், ரத்தசோகை பற்றி ஆராய்ந்தார். பாக்டீரியா பக்கம் பெரிதாகத் தலைகாட்டவில்லை. 1938-ல் காலமானார். அவர் வேலை பார்த்த ஃப்ரெடரிக் மருத்துவமனையின் கட்டடம் இன்றும் பிரெட்கேட் தெருவில் இருக்கிறது. இப்போது அது டிசைன் மியூசியம். நாற்காலி, விளக்கு எல்லாம் வைத்திருக்கிறார்கள்.

சாயம் ஏன் சிலதில் நிற்கிறது, சிலதில் நிற்பதில்லை? கிராம் பாசிட்டிவ் ஆசாமிகள் தடியான கம்பளி போட்டவர்கள். பெப்டிடோகிளைகான் என்கிற வலை பல அடுக்காக இருக்கும். ஆல்கஹால் பட்டதும் அந்த வலை சுருங்கி, உள்ளே போன சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெகட்டிவ் ஆசாமிகளுக்கு அந்த வலை ரொம்ப மெல்லிசு, ஆனால் அதற்கு வெளியே கொழுப்பாலான இன்னொரு சவ்வு. ஆல்கஹால் அந்தக் கொழுப்பைக் கரைத்துவிட, சாயம் வெளியே ஓடிவிடும். இந்த வெளிச் சவ்விலிருந்து சர்க்கரைச் சங்கிலிகள் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வைடால் ரிப்போர்ட்டில் இருக்கும் 'ஓ' அந்த முடிதான்.

இது இரண்டுக்கும் மேலே சில பாக்டீரியாக்கள் கொழகொழவென்று ஒரு சர்க்கரை உறையும் போட்டுக்கொள்ளும். இதற்குக் கேப்சூல் என்று பெயர். இந்த உறைதான் வில்லன். நம் வெள்ளணுக்கள் பாக்டீரியாவைப் பிடித்து முழுங்கப் பார்க்கும். உறை இருந்தால் பிடி கிடைக்காது. பொங்கல் சமயத்தில் எண்ணெய் தடவிய வழுக்கு மரத்தில் ஏறுகிறவன் கதைதான். 1928-ல் லண்டனில் கிரிஃபித் எலிகளை வைத்துச் செய்த சோதனை ஞாபகம் இருக்கும். மொழுமொழு நிமோனியா பாக்டீரியாவை ஊசி போட்டால் எலி செத்துப் போகும், சொரசொர ரகத்தைப் போட்டால் பிழைத்துக்கொள்ளும். எல்லாப் புத்தகத்திலும் இதை டிஎன்ஏ-வின் முன்கதையாகவே சொல்வார்கள். ஆனால் மொழுமொழுவுக்கும் சொரசொரவுக்கும் வித்தியாசம் என்ன? உறை இருக்கு, உறை இல்லை. அவ்வளவுதான்.

நிற்க. இப்போது ஓ, ஹெச் கதைக்கு வருவோம்.

கோபன்ஹேகனில் அமாகர் என்று ஒரு தீவு. எழுதுவதுதான் அமாகர், டேனிஷ்காரர்கள் சொல்லும்போது ஏறக்குறைய 'அமா' என்றுதான் காதில் விழும். எந்தப் பக்கம் போகணும் என்று கேட்டால் 'ஆமா' என்கிறார்களே என்று ஒரு தமிழன் குழம்பினால் ஆச்சரியமில்லை. அங்கேதான் 1902-ல் ஆரம்பித்த ஸ்டேட்டன்ஸ் சீரம் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. குதிரைகளின் ரத்தத்திலிருந்து டிப்தீரியாவுக்கு சீரம் எடுக்க ஆரம்பித்த அரசு நிறுவனம்.

1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் ஜெர்மனியில் யூத விஞ்ஞானிகளுக்கு வேலை போனது. பெர்லினில் ராபர்ட் கோக் நிறுவனத்தில் இருந்த ஃப்ரிட்ஸ் காஃப்மன் என்கிற முப்பத்தி நாலு வயதுக்காரரும் அதில் ஒருவர். தோர்வால்ட் மேட்சன் தலைமையில் இருந்த சீரம் இன்ஸ்டிட்யூட் அவருக்கு இடம் கொடுத்தது. ஊரை விட்டு வந்த மனுஷன் கையோடு கொண்டு வந்தது ஒரு கிறுக்கு. சால்மொனெல்லா என்ற ஒரே குடும்பத்துக்குள் எத்தனை வகை இருக்கிறது, ஒவ்வொன்றும் என்ன சட்டை போட்டிருக்கிறது என்று எண்ணித் தீர்க்கும் கிறுக்கு.

வழி எளிமைதான், பொறுமைதான் வேண்டும். கொன்ற பாக்டீரியாவை முயலுக்கு ஊசியாகப் போட வேண்டியது. முயலின் ரத்தத்தில் அந்தச் சட்டைக்கு எதிரான ஆன்டிபாடி உண்டாகும். அந்த சீரத்தின் ஒரு சொட்டை இன்னொரு பாக்டீரியாவோடு கலந்தால், அதே சட்டையாக இருந்தால் பால் திரிந்த மாதிரி திரிதிரியாகும். வேறு சட்டையாக இருந்தால் சும்மா இருக்கும்.

எழுத்துகள் எங்கிருந்து வந்தன? காஃப்மனுக்கு முன்பே, 1917-ல் வைல், ஃபெலிக்ஸ் என்ற இருவர் ஒரு பாக்டீரியாவை வளர்த்தபோது, சில ரகங்கள் தட்டு முழுக்க மெல்லிய படலமாகப் பரவுவதைப் பார்த்தார்கள். குளிர்காலத்தில் கண்ணாடி மேல் ஊதினால் ஆவி படியுமே, அது மாதிரி. ஜெர்மன் மொழியில் அந்த மூச்சுக்காற்றுக்கு 'ஹாவ்ஹ்' என்று பெயர். பரவுவதற்குக் காரணம் நீந்தும் வால்கள், அதனால் வாலுக்கு ஹெச். பரவாத ரகம் 'ஓனே ஹாவ்ஹ்', அதாவது ஊதல் இல்லாதது, அதனால் உடம்பு மேல் இருக்கும் சர்க்கரை முடிக்கு ஓ. கேப்சூலுக்கு ஜெர்மனில் 'காப்செல்', அதனால் கே. காஃப்மன் இதே எழுத்துகளை எடுத்து நம்பர்களோடு கோர்த்தார். ஆக, நம்ம ஊர் லேப் ரிப்போர்ட்டில் இருப்பது நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜெர்மன் மூச்சு!

1982-ல் அமெரிக்காவில் ஹாம்பர்கர் சாப்பிட்டவர்களுக்கு ரத்தப்போக்கு உண்டாக்கிய 'ஓ157 ஹெச்7' ஈகோலையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அந்தப் பெயரும் இந்த வரிசையில் வந்ததுதான். ஈகோலைக்கான ஓ-கே-ஹெச் திட்டத்தை 1947-ல் அமைத்துக் கொடுத்தவரும் காஃப்மன்தான்.

1934-ல் காஃப்மன்-வைட் பட்டியல் முதலில் வெளியானபோது சால்மொனெல்லாவில் 44 வகை. இன்று இரண்டாயிரத்து ஐநூறுக்கும் மேல். ஒரு புது வகை கிடைத்தால், கிடைத்த ஊரின் பெயரை வைப்பது வழக்கம். லண்டன் இருக்கிறது, டப்ளின் இருக்கிறது, உத்தரப்பிரதேசத்து பரேலி இருக்கிறது. பட்டியலை மேய்ந்துகொண்டிருந்தபோது 'மெட்ராஸ்' என்று ஒன்றைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதே பக்கத்தில் கொஞ்சம் மேலே 'பிஸ்பெபியர்'. அது கோபன்ஹேகனின் வடமேற்கில் இருக்கும் பேட்டை, பெரிய ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. மெட்ராஸுக்கும் பிஸ்பெபியருக்கும் வால் வேறு, ஆனால் ஓ சட்டையில் 4-ம் 12-ம் பொது. ஒரே கோத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரைக் கெடுக்கிறார்கள் என்று இன்றைக்கு யாராவது வழக்குப் போட்டாலும் போடுவார்கள். அந்தக் காலத்தில் அந்தத் தொல்லை இல்லை போல.

டைபாய்டுக்காரனிடம் இன்னொரு தந்திரம் உண்டு. நோயாளியின் ரத்தத்திலிருந்து புதிதாக எடுத்த டைபாய்டு பாக்டீரியா சில சமயம் ஓ சீரத்தில் திரியாது. ஓ சட்டை இருந்தும் திரியாது. 1934-ல் அதே ஃபெலிக்ஸும், மார்கரெட் பிட் என்பவரும் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஓ-வுக்கு மேலே இன்னொரு போர்வை. அது இருக்கும் ரகம் எலியை அதிகம் கொன்றது. அதனால் வீரியத்தைக் குறிக்கும் வார்த்தையின் முதல் இரண்டு எழுத்தையே எடுத்து 'விஐ' என்று பெயர் வைத்தார்கள். மேல்போர்வையைப் பார்த்தே வீரியத்தைச் சொல்லலாம் என்ற எண்ணம் பெயரிலேயே இருக்கிறது. அந்தப் போர்வையையே பிரித்தெடுத்து ஊசியாகப் போட்டால் என்ன என்பதுதான் பிறகு டைபாய்டு தடுப்பூசியாக ஆனது. வெறும் சர்க்கரையைப் போட்டால் கைக்குழந்தையின் உடம்பு அதை மதிப்பதில்லை. ஒரு புரதத்தோடு கட்டிக் கொடுத்தால் மதிக்கும். அப்படி ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் செய்த விஐ ஊசிதான், இந்தக் கூட்டு ரகத்தில் முதலாவதாக, 2017 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் வாங்கியது.

காஃப்மனுக்குப் பிறகு ஈகோலை வேலையைத் தொடர்ந்தவர்கள் இடா, ஃப்ரிட்ஸ் ஓர்ஸ்கோவ் தம்பதி. டென்மார்க்கில் மனிதர்களை விடப் பன்றிகள் அதிகம் என்பதால் பன்றிக்குட்டிக்கு வரும் பேதி இங்கே சில்லறை விஷயம் இல்லை. 1961-ல் ஓர்ஸ்கோவ் தம்பதி இங்கிலாந்துக்காரர்களோடு சேர்ந்து, பேதி வந்த பன்றிகளின் ஈகோலையில் ஒரு புதுச் சட்டையைக் கண்டு, உறை என்று நினைத்து கே88 என்று நம்பர் போட்டார்கள். அது உறையே இல்லை, குடலில் ஒட்டிக்கொள்ள உதவும் புரத முடிகள் என்பது பிறகு தெரிந்தது. பெயரும் எஃப்4 ஆனது. அதைவிட முக்கியம், அந்த முடிக்கான மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய துண்டில் இருக்கிறது என்று 1966-ல் அவர்களே காட்டினார்கள். சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்! 1970-களின் ஆரம்பத்தில் இங்கிலாந்தில் அந்தத் துண்டை நீக்கிவிட்டுப் பன்றிக்குட்டிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். விஷம் சுரக்கும் திறன் அப்படியே இருந்தும் பேதி வரவில்லை. ஒட்ட முடியாவிட்டால் விஷம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

எல்லாச் சட்டையையும் ஊசியாக்க முடியுமா என்றால் முடியாது. பிறந்த குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் கொண்டுவரும் ஈகோலை பெரும்பாலும் கே1 உறை போட்டது. அந்தச் சர்க்கரை, வளரும் குழந்தையின் நரம்பு செல்கள் மேல் இருக்கிற அதே சர்க்கரை. வீட்டுக்காரர் சட்டையையே மாட்டிக்கொண்டு வரும் திருடனை நாய் எப்படிக் குரைக்கும்?

இனி நிமோனியா. எனக்கு இந்தக் கதையில் ரொம்ப முக்கியமாகப் படுகிற இடம் இதுதான்.

நிமோகாக்கஸின் உறை ஒன்றில்லை, இதுவரை கண்டது நூறு வகை. பெர்லினில் நாய்ஃபெல்ட் 1902-லேயே பார்த்த வித்தை, சரியான சீரம் பட்டால் உறை மைக்ராஸ்கோப்பில் உப்பித் தெரியும். அதை வைத்து ரகம் பிரித்தார்கள். அமெரிக்காவில் கண்டுபிடித்த வரிசையில் 1, 2, 3 என்று நம்பர். டென்மார்க்கில் மோர்க், எர்னா லுண்ட் ஆகியோர் வேறு மாதிரி யோசித்தார்கள். ஒன்றின் சீரம் இன்னொன்றையும் தொடுகிறது என்றால் அவை சொந்தக்காரர்கள், சேர்த்து வை. அமெரிக்காவின் 6-ம் 26-ம் இங்கே 6ஏ, 6பி. அமெரிக்காவின் 19-ம் 57-ம் இங்கே 19எஃப், 19ஏ. கடைசியில் உலகமே டேனிஷ் முறையை எடுத்துக்கொண்டது. ரகம் பிரிக்கும் சீரமும் பல பத்தாண்டுகள் அமாகரிலிருந்துதான் உலகத்துக்குப் போனது. (2016-ல் அந்த சீரம் வியாபாரம் தனியார் கம்பெனியாகப் பிரிந்துவிட்டது.)

இந்த நம்பர்கள் வெறும் அலமாரி ஒழுங்கு இல்லை. தடுப்பூசியில் நூறு உறையையும் போட முடியாது. எதைப் போடுவது? அதிகம் கொல்வதை. எங்கே அதிகம் கொல்வதை? 2000-ல் அமெரிக்காவில் வந்த முதல் குழந்தைகள் ஊசியில் ஏழு ரகம்: 4, 6பி, 9வி, 14, 18சி, 19எஃப், 23எஃப். அங்கே குழந்தைகளைத் தாக்கியவை அவை.

நம்ம பக்கம் என்ன ஓடிக்கொண்டிருந்தது? 1993 முதல் 1997 வரை வேலூர் சி.எம்.சி. உட்பட ஆறு இந்திய மருத்துவமனைகள் சேர்ந்து ரத்தத்திலும் மூளைத் தண்ணீரிலும் கிடைத்த நிமோகாக்கஸை எல்லாம் ரகம் பிரித்தன. முடிவு 1999-ல் லான்செட்டில் வந்தது. 1, 5 என்ற இரண்டு ரகங்கள் மட்டும் நாலில் ஒரு பங்குக்கு மேல். அந்த இரண்டும் ஏழு ரக ஊசியில் கிடையாது. காசு கொடுத்து இறக்குமதி ஊசி போட்டிருந்தாலும் அந்த இரண்டுக்கும் பாதுகாப்பு இல்லை. யாரும் சதி செய்யவில்லை. யார் ஊரில் எண்ணினார்களோ அந்த ஊர் பாக்டீரியா ஊசிக்குள் போனது. வேலூரிலும் மற்ற ஊர்களிலும் ராத்திரி பகலாகக் கல்ச்சர் தட்டு பார்த்தவர்கள் இல்லையென்றால் 1-ம் 5-ம் நம் குழந்தைகளுக்கு என்ன செய்கின்றன என்று எழுத்தில் இருந்திருக்காது. அடுத்து வந்த பத்து ரக, பதிமூணு ரக ஊசிகளில் இரண்டும் சேர்ந்தன.

டென்மார்க் 2007 அக்டோபரில் ஏழு ரக ஊசியை எல்லாக் குழந்தைகளுக்கும் ஆரம்பித்தது, 2010-ல் பதிமூணு. நாட்டில் எந்த ஆஸ்பத்திரியில் யார் ரத்தத்தில் நிமோகாக்கஸ் கிடைத்தாலும் அதை அமாகருக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டம். அதனால் என்ன நடந்தது என்று துல்லியமாகத் தெரிகிறது. ஊசியில் இருந்த ரகங்கள் குழந்தைகளிடம் சரிந்தன. ஊசி போடாத தாத்தா பாட்டிகளிடமும் குறைந்தன, பேரக்குழந்தை தொற்ற வைக்கவில்லை என்பதால். பிறகு காலியான திண்ணையில் 12எஃப், 8 மாதிரி ஊசியில் இல்லாத ரகங்கள் வந்து உட்கார்ந்தன. மொத்தத்தில் லாபம்தான், ஆனால் எண்ணுவதை நிறுத்த முடியாது. இப்போது முயல் சீரத்தோடு மரபணு வரிசையையும் படித்து உறையைச் சொல்கிறார்கள், பெயர் மட்டும் அதே டேனிஷ் பெயர்.

இந்தியாவில் 2017-ல் இமாச்சலம், பீகார், உத்தரப்பிரதேசத்தில் தொடங்கி 2021-ல் நாடு முழுக்க, தமிழ்நாட்டிலும், இந்த ஊசி அரசாங்கப் பட்டியலில் இலவசமாக வந்தது. ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம். ஊரில் கைக்குழந்தை இருந்தால் தடுப்பூசி அட்டையில் 'பிசிவி' என்று பார்க்கலாம். பூனா சீரம் இன்ஸ்டிட்யூட் செய்த பத்து ரகக் குப்பியாக இருந்தால் அதற்குள் இருப்பவை 1, 5, 6ஏ, 6பி, 7எஃப், 9வி, 14, 19ஏ, 19எஃப், 23எஃப். அமெரிக்கப் பட்டியலில் இருந்த 4-ம் 18சி-யும் அதில் இல்லை.